மெட்டுக்கு உரியவர் பெயர்: பகனினியும் ராஜரத்தினமும்

பகனினியின் 24 வயலின் கேப்ரிஸ்கள் 1820இல் அச்சாயின. அவற்றுள் கடைசியானது ஒரு சின்ன மெட்டு. அதை அவரே 11 விதமாகத் திருப்பிப் பார்த்துவிட்டுத்தான் முடிவுக்கு வருகிறார். அந்த மெட்டை லிஸ்ட் பியானோவுக்குக் கொண்டுபோனார். பிராம்ஸ் 1860களில் அதன்மேல் 28 மாறுபாடுகள் எழுதினார். ரக்மானினோஃப் 1934இல் பியானோவுக்கும் வாத்தியக் குழுவுக்குமாக 24 எழுதினார்.

இவற்றை வெறும் விரல் சாகசம் என்று தள்ளிவிட முடியாது. வில் இழுபடுகிறவரை வயலினில் ஓசை நிற்கும். பியானோவிலோ கட்டையைத் தட்டிய கணமே ஓசை தேய ஆரம்பித்துவிடும். ஆகவே வயலினை நகலெடுக்க வழியில்லை. பத்து விரலால் ஸ்வரங்களை அடுக்க வேண்டும், இரண்டு கைகளையும் வெவ்வேறு லயத்தில் ஓடவிட வேண்டும். ரக்மானினோஃபின் 18ஆவது மாறுபாட்டில் மெட்டு தலைகீழாகிறது: ஏறுமிடத்தில் இறங்குகிறது, இறங்குமிடத்தில் ஏறுகிறது. ஒரு வாத்தியத்தின் இயலாமையே புது வடிவத்துக்குக் காரணமாகிறது என்பதுதான் இங்கே விஷயம்.

தஞ்சாவூர்ப் பக்கத்து ஆளுக்கு இது புதிதல்ல. சுவாமி புறப்பாட்டில் நாயனக்காரர் கம்பீரநாட்டையில் மல்லாரி எடுக்கிறாரே, அதுவும் இந்த ஜாதிதான். சாகித்யம் கிடையாது, ஒரே இசை வாக்கியத்தைக் காலம் மாற்றி, திஸ்ரத்தில் மடக்கி, தவிலோடு மோதவிடுவார்.

வாத்தியம் விட்டு வாத்தியம் போகும் கதையும் இங்கே நடந்திருக்கிறது. திருவாவடுதுறை ராஜரத்தினம் பிள்ளையின் (1898–1956) தோடி வீதியில் வளர்ந்தது. ஊர்வலம் நகர்கிற வேகம் ராகத்தை மணிக்கணக்கில் நீட்ட இடம் கொடுத்தது. நரசிங்கம்பேட்டை ரங்கநாத ஆச்சாரி செய்துகொடுத்த நீளமான பாரி நாயனம் சுருதியை இறக்கியது. அந்த ஆலாபனை முறையைச் சபா வாய்ப்பாட்டு எடுத்துக்கொண்டது. ஜி.என். பாலசுப்ரமணியம் குரலில் அது மின்னல் பிருகாவாக மாறியது. மூச்சும் சீவாளியும் செய்ததைத் தொண்டை வேறு விதமாகச் செய்ய வேண்டியிருந்தது. நான் இதைத் திருட்டு என்று சொல்லவில்லை. ராஜரத்தினத்திடம் பெற்றதை ஜி.என்.பி. மறைத்தவரும் அல்ல.

ஆனால் பிராம்ஸின் தலைப்பிலேயே பகனினி இருக்கிறார். கச்சேரிப் பட்டியலில் 'தோடி' மட்டும்தான் இருக்கிறது. ராகம் யார் வீட்டுச் சொத்தும் இல்லை என்பார்கள். சரிதான். தோடி யாரோ ஒருவர் எழுதிவைத்த மெட்டு இல்லை. ஆனால் ராகத்தை விரிக்கிற முறைக்கு ஊர் உண்டு, உழைப்பு உண்டு, சாதியும் உண்டு. இந்த 'பொது' என்கிற சொல் யாருடைய பெயரை அழிக்கிறது என்பதுதான் என் கேள்வி. நாயனத்தை வாசலில் 'மங்கல இசை'யாக நிறுத்திவிட்டு அதன் ராகத்தை மட்டும் உள்ளே அழைத்துக்கொண்டது சபா. மேடை போட்டு உட்கார்ந்துதான் வாசிப்பேன் என்று ராஜரத்தினம் அடம்பிடித்ததைத் தலைக்கனம் என்று சொன்னவர்கள் இந்த ஏற்பாட்டைப் பார்க்கவே இல்லை.

நரசிங்கம்பேட்டை நாகஸ்வரத்துக்கு 2022இல் புவிசார் குறியீடு கிடைத்தது. மரத்துக்கு ஊர்ப்பெயர் பதிவாகிவிட்டது. அந்த மரத்தில் பிறந்த பிடிகளுக்கு எந்த அலுவலகமும் பதிவுச் சான்று தராது. அதை இசை பற்றி எழுதுகிற நாம்தான் செய்ய வேண்டும். ஒரு தோடியைப் பாராட்டி எழுதும்போது, அந்தப் பிடி எந்த நாயனத்திலிருந்து வந்தது என்று ஒரு வரி சேர்த்து எழுதுவோம்.