பதினாறாம் நாள் வரும் பரோல்

மத்திய சிறை வாசலில் கைதிகளைப் பார்க்கக் காத்திருப்பவர்களிடம் பேச்சுக் கொடுத்தால், ஊர்தான் மாறும். கதை ஏறக்குறைய ஒன்றாகவே இருக்கும். அப்பா படுத்த படுக்கை, மகன் உள்ளே. பரோல் கேட்டு எழுதிக் கொடுத்தாயிற்று. “ஸ்டேஷன்ல இருந்து இன்னும் ரிப்போர்ட் வரலம்மா” என்ற பதிலோடு அம்மா திரும்புகிறார். ரிப்போர்ட் வருவதற்குள் அப்பா போய்ச் சேர்ந்துவிடுகிறார். கொள்ளி வைக்க வேண்டியவன், பதினாறாம் நாள் காரியத்துக்கு வந்து மாலை போட்ட படத்தின் முன் நிற்கிறான்.

நாம் பரோல் என்பதை, 1982-ஆம் ஆண்டின் தமிழ்நாடு தண்டனை நிறுத்திவைப்பு விதிகள் ‘விடுப்பு’ என்கின்றன. சாவு, கடும் நோய், கல்யாணம் போன்றவற்றுக்கு அவசர கால விடுப்பு. குடும்பத்தோடு இருந்துவரச் சாதாரண விடுப்பு. நன்னடத்தை அலுவலர் விசாரிக்கிறார், காவல் துறை கருத்துச் சொல்கிறது. இது தேவைதான். பாதிக்கப்பட்ட குடும்பம் அடுத்த தெருவிலேயே இருக்கலாம்; அவர்களுடைய அச்சத்தைக் கேட்காமல் ஒருவரை வெளியே அனுப்பக் கூடாது. ஆனால், கேட்க வேண்டியதைக் காலத்தில் கேட்க வேண்டும். கோப்பு கிடப்பில் கிடந்தால், வசதியுள்ள குடும்பம் உயர் நீதிமன்றத்துக்கு ஓடுகிறது. வக்கீலுக்குக் கொடுக்கக் காசில்லாத தாய் எங்கே ஓடுவார்?

ராஜீவ் காந்தி கொலை வழக்கில் 1991 ஜூனில் கைதான பேரறிவாளனுக்கு முதல் பரோல் கிடைத்தது 2017 ஆகஸ்டில். அவரை விடுவிக்கலாம் என்று தமிழ்நாடு அமைச்சரவை 2018 செப்டம்பரில் பரிந்துரைத்தது. ஆளுநரிடம் அது இரண்டு ஆண்டுகளுக்கு மேல் முடிவின்றி இருந்தது. கடைசியில் 2022 மே 18 அன்று உச்ச நீதிமன்றமே விடுவித்தது. நாடே கவனித்த கோப்புக்கு இந்தக் கதி என்றால், பெயர் தெரியாத கைதியின் மனுவை யார் தேடப் போகிறார்கள்?

தாமதத்தைக் குறைக்க வழி இருக்கிறது. ஜாமீன் உத்தரவுகள் சிறைக்கு உடனே போய்ச் சேர, 2022-ல் உச்ச நீதிமன்றம் ‘ஃபாஸ்டர்’ என்ற மின்னணு முறையைத் தொடங்கியது. அந்த வேகம் பரோல் அறிக்கைகளுக்கும் வேண்டும். அறிக்கைக்கு நாள் குறிக்க வேண்டும். அந்த நாள் தாண்டினால், கையில் இருப்பதை வைத்து அதிகாரி முடிவெடுக்க வேண்டும். மனு யார் மேசையில் இருக்கிறது என்பது குடும்பத்துக்குத் தெரிய வேண்டும். மறுத்தால், காரணத்தை எழுதிக் கொடுக்க வேண்டும்.

‘இல்லை’ என்பதுதான் பதில் என்றாலும், அதை அப்பா உயிரோடு இருக்கும்போதே சொல்லிவிடுங்கள். நீதிமன்றம் போகவாவது அந்த மகனுக்கு நேரம் இருக்கும்.