தூங்கும் நேரத்தில் அறையைப் பாருங்கள்

சுங்குவார்சத்திரம். சென்னை–பெங்களூரு நெடுஞ்சாலையில் நடத்துநர் இந்தப் பெயரைக் கூவும்போது, அதன் கடைசியில் ஒரு சத்திரம் ஒட்டிக்கொண்டிருப்பதை நாம் கவனிப்பதில்லை. கால்நடையாகவும் மாட்டுவண்டியிலும் ஊர் போன காலத்தில், வழிப்போக்கர் இரவு தலைசாய்க்கப் பெருவழிகளில் சத்திரங்கள் கட்டினார்கள். கட்டடங்கள் போய்விட்ட பிறகும் பல ஊர்ப்பெயர்களில் அந்தச் சொல் தங்கிவிட்டது.

இன்று அந்த ஊரைச் சுற்றித் தொழிற்சாலைகள். இருங்காட்டுக்கோட்டையிலிருந்து 1998-ல் ஹூண்டாயின் சான்ட்ரோ கார் வெளிவந்தது. ஒரகடத்தில் 2010-ல் ரெனோ–நிசான் ஆலையும், 2012-ல் டைம்லரின் லாரி ஆலையும் திறக்கப்பட்டன. கைபேசி, கண்ணாடி, டயர், மோட்டார் சைக்கிள் என்று ஸ்ரீபெரும்புதூர் முதல் வல்லம் வடகால் வரை அரசின் சிப்காட் தொழில் வளாகங்கள் நீள்கின்றன. திருவண்ணாமலையிலிருந்தும் தருமபுரியிலிருந்தும் பீகாரிலிருந்தும் தொழிலாளர்கள் வருகிறார்கள். கொரியாவிலிருந்து பொறியாளர்கள் வருகிறார்கள். நட்சத்திர விடுதியில் தங்கப்போகிறவருக்கும், ஆறு பேரோடு ஆஸ்பெஸ்டாஸ் ஷீட் வேய்ந்த ஒரு ரூமைப் பகிரப்போகிறவருக்கும் முதல் நாள் கேள்வி ஒன்றுதான்: எங்கே தங்குவது?

லண்டனுக்கோ வியன்னாவுக்கோ நான்கு நாள் சுற்றுலா போகிறவர் இதற்காக வாரக்கணக்கில் வரைபடம் பார்க்கிறார். ஒரகடத்துக்கு வேலைக்கு வரும் இளைஞர், இரண்டு வருடம் இருக்கப்போகும் அறையைப் பெரும்பாலும் ஒரு ஞாயிற்றுக்கிழமை மாலையில், ஊர்க்கார நண்பர் காட்டியதைப் பார்த்துப் பத்து நிமிடத்தில் முடிவு செய்துவிடுகிறார். வாடகை எவ்வளவு, அட்வான்ஸ் எவ்வளவு, தண்ணீர் வருமா என்று மூன்று கேள்விகள். நான்காவதாக ஒன்று கேட்டாக வேண்டும்: இந்த அறையில் நான் எத்தனை மணிக்குத் தூங்கப்போகிறேன்? உயிரியல், இயற்பியல், கணிதம் மூன்றும் அந்த ஒரு கேள்விக்குள் இருக்கின்றன.

விமானம் ஏறாமல் லண்டன்

நம் மூளையில், இரண்டு கண்நரம்புகளும் குறுக்கிடும் இடத்துக்குச் சற்று மேலே, அரிசிமணியைவிடச் சிறிய ஒரு நரம்புக் கொத்து இருக்கிறது. எப்போது உறக்கம், எப்போது விழிப்பு, எப்போது உடல்சூடு ஏற வேண்டும், எப்போது இறங்க வேண்டும் என்று தாளம் போடுவது அதுதான். இத்தகைய கடிகாரம் உயிரணுவுக்குள் எப்படி ஓடுகிறது என்பதைப் பழ ஈக்களைக் கொண்டு கண்டறிந்த ஜெஃப்ரி ஹால், மைக்கேல் ராஸ்பாஷ், மைக்கேல் யங் மூவருக்கும் 2017-ல் மருத்துவ நோபல் பரிசு கிடைத்தது. மனிதருக்குள் ஓடும் இந்தக் கடிகாரத்தின் ஒரு சுற்று, சராசரியாக 24 மணி நேரத்தைவிடச் சில நிமிடங்கள் அதிகம். ஒவ்வொரு நாளும் வெளிச்சம்தான் அதைச் சரிசெய்து வைக்கிறது.

சென்னையிலிருந்து லண்டனுக்குப் பறந்தால் நேரம் ஐந்தரை மணி மாறுகிறது. அங்கே கோடை என்றால் நாலரை மணி. உடல் அதற்குப் பழக ஒரு மணி நேர மாற்றத்துக்கு ஏறக்குறைய ஒரு நாள் எடுத்துக்கொள்கிறது. மாலை நேர பி ஷிப்டிலிருந்து இரவு நேர சி ஷிப்டுக்கு மாறுகிற தொழிலாளிக்கு வேலை நேரம் எட்டு மணி நகர்கிறது. உடலைப் பொறுத்தவரை அவர் லண்டனையும் தாண்டிப் போய்விட்டார். லண்டன் போனவருக்காவது அங்குள்ள சூரியன் துணை நிற்கிறது. புதிய பகல், புதிய இரவு என்று கடிகாரத்தைத் திருப்பிவைக்கிறது. காலை ஆறு மணிக்கு ஷிப்ட் முடிந்து கம்பெனி பஸ்ஸில் திரும்புகிறவருக்கு அதே சூரியன் முகத்தில் அடித்து, ‘எழுந்திரு’ என்கிறது. இரவு வேலை பார்ப்பவர்களின் பகல் தூக்கம் வழக்கமான இரவுத் தூக்கத்தைவிட ஓரிரண்டு மணி நேரமாவது குறைந்துபோகிறது.

ஆகவே பகலில் தூங்க வேண்டியவருக்கு அறையின் முதல் தகுதி இருட்டு. சன்னலில் கனத்த திரை கட்ட முடியுமா, கதவின் மேலிருக்கும் கண்ணாடியை மறைக்கலாமா, பக்கத்தில் லேத் பட்டறையோ பள்ளிக்கூட மைதானமோ இருக்கிறதா என்று பார்க்க வேண்டும். ஞாயிறு மாலையில் அமைதியாக இருக்கும் தெரு, செவ்வாய்க்கிழமை காலை பதினொரு மணிக்கு வேறு தெருவாக இருக்கும்.

கூரையின் நினைவாற்றல்

ஸ்ரீபெரும்புதூர் நிலநடுக்கோட்டுக்கு ஏறக்குறைய 13 பாகை வடக்கே இருக்கிறது. ஏப்ரல் கடைசியிலும் ஆகஸ்ட் நடுவிலும் நண்பகல் சூரியன் இங்கே நேர் உச்சியில் நிற்கும். அதனால் நம் பக்கத்து வீடுகளில் எந்தச் சுவரையும்விட அதிக வெயில் குடிப்பது கூரைதான். பத்துக்குப் பத்து அடி அறையின் மேல், தெளிந்த வானத்து நண்பகலில் விழும் சூரிய ஆற்றல் சுமார் 9 கிலோவாட். ஆயிரம் வாட் இஸ்திரிப்பெட்டிகள் ஒன்பதை மொட்டை மாடியில் கவிழ்த்துவைத்தது போன்ற சூடு அது.

அந்தச் சூடு அறைக்குள் எப்போது வந்து சேர்கிறது என்பதுதான் வியப்பு. கான்கிரீட் தளம் வெப்பத்தை உடனே கீழே விடுவதில்லை. மேல்பரப்பில் மதியம் ஏறிய சூடு, உள்பக்கம் வந்து சேரப் பல மணி நேரம் ஆகிறது. அதனால்தான் மாலை ஏழு மணிக்கு வெளியே காற்று தணிந்த பிறகும், மேல்மாடி அறையில் மின்விசிறியைப் போட்டால் அனல் இறங்குகிறது. தளம் மதியத்தை நினைவில் வைத்திருந்து இரவில் திருப்பித் தருகிறது. ஆஸ்பெஸ்டாஸ் ஷீட்டுக்கு அத்தகைய நினைவு கிடையாது. காலை ஒன்பது மணிக்கே காயத் தொடங்கும். சூரியன் இறங்கியதும் சீக்கிரம் ஆறிவிடும்.

இதை ஷிப்டோடு சேர்த்துப் பாருங்கள். விடிகாலை எழ வேண்டிய ஏ ஷிப்ட்காரர் இரவு ஒன்பது மணிக்கே படுக்கிறார். அவருக்கு மேல்மாடி கான்கிரீட் அறை அடுப்புக்கடியில் படுப்பது போல. காலை எட்டு மணிக்குப் படுக்கும் சி ஷிப்ட்காரருக்கு அதே தளம் அப்போதுதான் ஓரளவு ஆறியிருக்கும்; நண்பகல் வரை தூங்கிவிடலாம். ஷீட் ரூமில் அவர் படும் பாடு சொல்லி முடியாது. உறக்கம் பிடிக்க உடலின் உட்சூடு சற்றே இறங்க வேண்டும்; தோல் வழியே அந்தச் சூட்டை வெளியேற்றத்தான் உடல் முயல்கிறது. மேலே இன்னொரு சூடு அழுத்தினால் எப்படி இறங்கும்? எல்லா ஷிப்டுக்கும் பொருந்துவது மேலே இன்னொரு தளம் இருக்கும் நடுமாடி அறை. அது கிடைக்காவிட்டால் மாடியில் தட்டோடு பதித்திருக்கிறதா, வெள்ளைப் பூச்சு அடித்திருக்கிறதா என்று பாருங்கள். வெள்ளை நிறம் வெயிலின் பெரும்பகுதியைத் திருப்பி அனுப்பிவிடும்.

நான்கு பேரின் மூச்சு

பத்தடி நீளம், பத்தடி அகலம், பத்தடி உயரம் உள்ள அறையில் சுமார் 28,000 லிட்டர் காற்று இருக்கும். தூங்கும் ஒருவர் மணிக்குச் சுமார் 12 லிட்டர் கார்பன் டை ஆக்சைடு வெளிவிடுகிறார். வெளிக்காற்றில் அந்த வாயு லட்சத்தில் 42 பங்குதான். நான்கு பேர் கதவு சன்னல் எல்லாம் இறுக மூடிப் படுத்தால், ஒரே மணி நேரத்தில் அது லட்சத்தில் 200 பங்கைத் தாண்டிவிடும். ஆயிரத்தில் ஒரு பங்கு, அதாவது லட்சத்தில் 100 பங்கு என்பதே நல்ல அறைக்காற்றின் எல்லை என்று மியூனிக்கின் மாக்ஸ் ஃபான் பெட்டன்கோஃபர் 1858-லேயே சொல்லியிருந்தார். டென்மார்க் தொழில்நுட்பப் பல்கலைக்கழக ஆய்வாளர்கள், மாணவர் விடுதி அறைகளில் காற்றோட்டத்தைக் கூட்டிப் பார்த்தார்கள். மாணவர்கள் நன்றாகத் தூங்கியதோடு, மறுநாள் தர்க்கச் சிந்தனைச் சோதனையிலும் மேலாகச் செய்தார்கள். 2016-ல் வெளியான முடிவு இது.

மறுநாள் பிரஸ் இயந்திரத்துக்கு அருகில் கை வைத்து வேலை செய்யப்போகிறவருக்கு இது வெறும் சுகம் சார்ந்த சேதியாக இருக்க முடியாது. நம் ஊரில் சன்னலை மூடவைப்பது கொசு. எனவே கொசுவலை அடித்த சன்னலும், அதற்கு எதிர்ப்பக்கம் காற்று போக ஒரு வழியும் இருக்கும் அறைக்குக் கொஞ்சம் கூடுதலாக வாடகை கொடுக்கலாம். எத்தனை பேர் படுக்கிறார்கள் என்பதை வாடகையைப் பங்குபோட மட்டும் கேட்காமல், காற்றைப் பங்குபோடவும் கேளுங்கள்.

ஒரு மணி நேரத்தின் விலை

பெரிய காஞ்சி ஏகாம்பரநாதர் கோயிலிலிருந்து சின்னக் காஞ்சி வரதராஜர் கோயிலுக்கு நடந்தால் ஏறத்தாழ ஒரு மணி நேரம். பழைய நகரங்கள் பலவும் இந்த அளவில்தான் இருந்தன. மனிதர் தினமும் போகவர மொத்தம் ஒரு மணி நேரம் செலவிடத்தான் விரும்புகிறார். வாகனம் வேகமெடுத்தால் நகரம் விரிகிறதே தவிர அந்த ஒரு மணி நேரம் பெரிதாக மாறுவதில்லை என்று இத்தாலிய இயற்பியலாளர் செசாரே மார்க்கெட்டி 1994-ல் எழுதினார். யாகோவ் ஸஹாவி என்பவரின் கணக்குகளை ஒட்டி அவர் சொன்ன கருத்து அது.

தொழிற்பேட்டையில் கம்பெனி பஸ் இந்தக் கணக்கைக் கலைத்துவிடுகிறது. காஞ்சிபுரம், அரக்கோணம், செய்யாறு என்று தூரத்து ஊர்களிலிருந்தெல்லாம் பஸ் வருகிறது. கட்டணம் பெரிதாகத் தெரியாததால் தூரமும் தெரிவதில்லை. ஒரு கணக்குப் போடுவோம். ஒரு அறையிலிருந்து ஆலைக்கு அரை மணி. இன்னொன்றிலிருந்து ஒன்றரை மணி. போகவர நாளுக்கு இரண்டு மணி நேர வித்தியாசம். 26 வேலை நாளில் 52 மணி நேரம். தூரத்து அறையில் மாதம் 1,000 ரூபாய் மிச்சம் என்றால், தூக்கத்திலிருந்து ஒவ்வொரு மணி நேரத்தையும் சுமார் 19 ரூபாய்க்கு விற்றிருக்கிறோம். மிகைநேர வேலைக்கு இரட்டைக் கூலி தர வேண்டும் என்கிறது சட்டம். அதில் உங்கள் ஒரு மணி நேரத்துக்கு என்ன விலை என்று உங்களுக்கே தெரியும். இரண்டையும் பக்கத்தில் வைத்துப் பாருங்கள். சொந்த வீட்டில் பெற்றோரோடு, பிள்ளைகளோடு இருப்பதற்காக அந்த 52 மணி நேரத்தைக் கொடுப்பவர்கள் உண்டு. அந்த முடிவுக்கு மதிப்பு உண்டு. தெரியாமல் கொடுப்பதுதான் இழப்பு.

மூன்று பார்த்து, பிறகு முடிவு

எத்தனை அறை பார்த்தபின் நிறுத்துவது? நல்ல அறை காத்திருக்காது. விட்டால் இன்னொருவர் அட்வான்ஸ் கொடுத்துவிடுவார். இதற்குக் கணிதத்தில் அழகான விடை இருக்கிறது. பத்து அறைகள் பார்க்க முடியும் என்றால் முதல் மூன்றைப் பார்த்துவிட்டு மட்டும் வாருங்கள். அதன்பின் அந்த மூன்றையும்விட மேலான அறை எது முதலில் வந்தாலும் உடனே முடித்துவிடுங்கள். கண்ணை மூடிக்கொண்டு தேர்ந்தால் பத்தில் சிறந்தது அமைய 10 விழுக்காடுதான் வாய்ப்பு. இப்படித் தேர்ந்தால் அது சுமார் 40 விழுக்காடு. பார்க்கும் எண்ணிக்கை பெருகப் பெருக, ஒதுக்க வேண்டிய முதல் பகுதி 37 விழுக்காட்டை நெருங்கும். முதல் மூன்று அறைகளுக்கு அலைந்தது வீண் அலைச்சல் ஆகாது. எது நல்ல அறை என்று அவைதான் நமக்குக் கற்றுத்தருகின்றன.

வியன்னாவும் வல்லமும்

தேர்வு செய்ய நல்ல அறைகள் இருந்தால்தான் இந்தக் கணக்கெல்லாம் உதவும். பத்தொன்பதாம் நூற்றாண்டின் இறுதியில் வியன்னாவில் ஆலைத் தொழிலாளர் பலருக்கு அறை என்பதே கிடையாது. ஒருவர் வேலைக்குப் போன நேரத்தில் அவருடைய கட்டிலை இன்னொருவர் சில மணி நேர வாடகைக்கு எடுத்துத் தூங்கினார். அவர்களுக்கு ‘கட்டிலுக்குப் போகிறவர்கள்’ என்றே பெயர். முதல் உலகப் போருக்குப் பிறகு அந்த நகராட்சி 60,000-க்கும் மேற்பட்ட வீடுகளைக் கட்டியது. 1930-ல் திறந்த கார்ல் மார்க்ஸ் குடியிருப்பு ஒரு கிலோமீட்டருக்கும் மேல் நீளமானது. ஒவ்வொரு வீட்டுக்கும் வெளிச்சமும் காற்றும் வர வேண்டும் என்பது அதன் அடிப்படை.

நம் பக்கத்திலும் ஒரு திருப்பம் வந்தது. 2021 டிசம்பரில் ஆலைத் தொழிலாளப் பெண்கள் தங்கிய ஒரு விடுதியில் உணவு நஞ்சாகி நூற்றைம்பதுக்கும் மேற்பட்டோர் மருத்துவமனையில் சேர்க்கப்பட்டார்கள். உடன் வேலை செய்த பெண்கள் சென்னை–பெங்களூரு நெடுஞ்சாலையில் மறியலில் அமர்ந்தார்கள். 2024 ஆகஸ்ட் 17 அன்று வல்லம் வடகாலில், 18,720 பெண்கள் தங்கும் சிப்காட் குடியிருப்பு 706.50 கோடி ரூபாய்ச் செலவில் திறக்கப்பட்டது. பெரிய தொடக்கம்தான். ஆனால் இந்தத் தொழில் வட்டாரத்தில் உழைப்பவர்களில் பெரும்பாலோர் இன்னும் கிராமத்துத் தெருக்களில் தாங்களே தேடிப் பிடித்த அறைகளில்தான் இருக்கிறார்கள்.

அவர்களுக்கும், அவர்களை வழியனுப்பிவைக்கும் பெற்றோருக்கும் ஒரு வேண்டுகோள். பெண்கள் விடுதி என்றால் 2014-ம் ஆண்டுச் சட்டப்படி பதிவு செய்ததா என்று கேளுங்கள். அறையை ஒரு முறை பார்த்ததோடு நிறுத்தாதீர்கள். நீங்கள் தூங்கப்போகும் நேரத்தில் இன்னொரு முறை போங்கள். விளக்கை அணைத்துக் கதவைச் சாத்திக் கால்மணி நேரம் சும்மா உட்காருங்கள். கூரையைப் பாருங்கள், காற்றைக் கவனியுங்கள், தெருவின் சத்தத்தைக் கேளுங்கள். வாடகை மாதத்துக்கு ஒரு முறை கொடுப்பது. தூக்கம் தினமும் வேண்டியது.