மென்சருமத்திற்கேற்ற கனிய வெயிற்பூச்சு

மாசி மகத்தையொட்டி மாத்தளை ஸ்ரீ முத்துமாரியம்மனின் ஐந்து தேர்களும் பவனி வரும் நாளில், பகல் வெயிலில் நெடுநேரம் நின்று வீடு திரும்பும் பெண்களுட் சிலர், முகம் சிவந்து எரிகிறதென்றும் கன்னத்து மங்கு முன்னிலும் கறுத்துவிட்டதென்றும் வருந்துவதுண்டு. பூமத்தியரேகைக்கு வடக்கே ஏறத்தாழ 7.5 பாகையில் அமைந்த மாத்தளையில், ஏப்ரல் முற்பகுதியிலும் செப்டெம்பர் தொடக்கத்திலும் நண்பகற் சூரியன் உச்சந்தலைக்கு நேராக நிற்பதாலும், நக்கிள்ஸ் மலைச்சாரலில் ஏற ஏற ஊதாக்கடந்த கிரணங்களின் உக்கிரம் ஆயிரம் மீற்றருக்குச் சுமார் 10 வீதம் மிகுவதாலும், வெயிற்பூச்சு இங்கே வெறும் அலங்காரப் பொருளன்று.

கடைகளில் கிடைக்கும் பூச்சுகளுட் சேதனச் சேர்வைகளால் ஆனவை ஒரு வகை. அவற்றுள் ஒக்சிபென்சோன் போன்ற சில, மென்சருமத்தில் அரிப்பையும் தடிப்பையும் விளைவிக்கக் கூடியவை. மற்றது கனிய வகை. நாக ஒட்சைட்டு, தைத்தேனியமீரொட்சைட்டு என்னும் இரண்டின் நுண்துகள்கள் சருமத்தினுள்ளே ஊடுருவாது பெரும்பாலும் மேற்பரப்பிலேயே தங்கிவிடுவதால், ஒவ்வாமை அரிதாகவே நேர்கிறது. இவை கிரணங்களைத் திருப்பியனுப்பியே காக்கின்றன என்று பலரும் சொல்வது சரியன்று; பெரும்பகுதியை உறிஞ்சியே காக்கின்றன. குழந்தைகளின் வேர்க்குருவுக்குத் தடவும் இளஞ்சிவப்புக் கலமைனில் உள்ளதும், இரும்பு ஒட்சைட்டுச் சிறிது கலந்த இதே நாக ஒட்சைட்டுத்தான். ஆயினும் கலமைனை வெயிற்காப்பாகக் கொள்ளலாகாது. தைத்தேனியத்தின் மூலப்பொருளாகிய இல்மனைற்றோ, நம் புல்மோட்டைக் கடற்கரையின் கரிய மணலில் நிறைந்து கிடக்கிறது; அக்கருமணலே பாலினும் வெளுத்த தூளுக்குப் பிறப்பிடமாவது விந்தையன்றோ!

வாங்கும்போது பெட்டியின் பின்புறத்தை வாசிக்க வேண்டும். மேற்சொன்ன இரண்டின் ஆங்கிலப் பெயர்களான சிங்க் ஒக்சைட், டைட்டேனியம் டையொக்சைட் ஆகியவையே வெயில் தடுக்கும் பொருள்களாயிருந்து, வாசனைத் திரவியம் அறவே இல்லாதிருப்பது உத்தமம். நீண்ட அலையுடைய கிரணங்களைத் தடுப்பதில் நாகமே வல்லதாகையால், அது மிகுந்ததைத் தெரிந்தெடுக்கலாம். எஸ்.பி.எப் 30 உள்ள பூச்சு, சருமத்தைச் சிவக்கச் செய்யும் கிரணங்களில் சுமார் 97 வீதத்தையும், 50 உள்ளது 98 வீதத்தையும் தடுப்பதால், அவ்வொரு வீதத்திற்காக அதிக விலை கொடுப்பது அவசியமன்று.

நம்மவரின் மாநிறத்திலும் கருநிறத்திலும் இப்பூச்சு வெளிறித் தெரிவதால், வாங்கியவர் பலர் ஒரே நாளில் ஒதுக்கிவிடுகின்றனர். இரும்பு ஒட்சைட்டுச் சேர்த்து நிறமேற்றிய பூச்சை அவர்கள் நாடுவதே சாலச்சிறந்தது. அது நிறத்தோடு இசைவதுடன், மங்கைக் கறுக்கச் செய்யும் கட்புலனாகும் ஒளியையும் ஓரளவு தடுக்கிறது.

எதுவாயினும் முதலிற் சில நாள் முன்கையின் உட்புறத்தில் தடவிப் பார்த்து, சிவப்போ அரிப்போ தோன்றாவிடில் முகத்திற்குப் பூசலாம். இரு விரல் நீளத்திற்குப் பிதுக்கிய அளவு முகத்திற்கும் கழுத்திற்கும் வேண்டும். இரண்டு மணித்தியாலத்திற்கொருமுறை, வியர்த்தால் அதற்கு முன்னரே, மீண்டும் பூசவேண்டும். தோட்டத்தில் நாட்சம்பளத்திற்குக் கொழுந்து பறிப்போருக்கு இவ்வளவு செலவு கட்டாதாகையால், அவர்கள் பூச்சை முகத்திற்கு மட்டும் வைத்துக்கொண்டு, தலைத்துண்டாலும் முழுக்கைச் சட்டையாலும் எஞ்சிய தேகத்தை மூடிக்கொள்ளலாம். நெருங்க நெய்த துணியின் காப்பு எந்தப் பூச்சுக்கும் குறைந்ததன்று.