தர்மத்துக்குத் தைத்தாலும் தையல் விடக்கூடாது

ஒரு மீட்டர் ஜாக்கெட் துணியில் கை, முன்பக்கம், முதுகு, பட்டி எல்லாம் வெட்டி எடுத்த பிறகு மேசையில் கிடப்பவை கையகலத் துண்டுகளும் கோணல்மாணல் கீற்றுகளும்தான். சாதாரண நாளில் அது ஒரு பிடி. தீபாவளிக்கு முந்தைய மாதத்தில் மெஷினுக்குக் கீழே காலை நீட்ட இடம் இருக்காது. செஞ்சியில் காந்தி பஜாரை ஒட்டிய சந்தில் கடை வைத்திருக்கிறேன். எனக்கு மட்டுமல்ல, தையல் கடைக்காரர் எவரைக் கேட்டாலும் இதே கதைதான். பனியன் துணியாக இருந்தால் மெக்கானிக் கடைக்காரர் கை துடைக்க வாங்கிப் போவார். பருத்தித் துண்டு தலையணைக்குள் போகும். மற்றதெல்லாம் குப்பையோடு கொளுத்தப்படும். பாலியஸ்டர் கலந்த துணி சாம்பலாகாது. உருகிக் கறுப்புக் கட்டியாகிவிடும். புகை கண்ணைக் கரிக்கும்.

சின்னக் கடையிலேயே இப்படி. ஆயத்த ஆடைத் தொழிலில் வெட்டும் மேசையிலேயே நூற்றுக்குப் பத்து, பதினைந்து பங்கு துணி கழிவாகிறது என்று அந்தத் தொழிலில் இருப்பவர்கள் பொதுவாகச் சொல்வார்கள். திருப்பூர்ப் பக்கம் அந்தக் கட்டிங் வேஸ்ட்டை நிறம் வாரியாகப் பிரித்து, பிய்த்துப் பஞ்சாக்கி, மறுபடி நூலாக்குகிறார்கள். எங்களிடம் இருப்பது கத்தரிக்கோலும் தையல் மெஷினும்.

அதைக் கொண்டு எங்கள் தெருப் பெண்கள் சிலரும் நானும் பை தைக்கிறோம். விற்கிற காசில் ஒரு பங்கு, முண்டியம்பாக்கம் அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனையில் வீட்டு மனிதரைச் சேர்த்துவிட்டு உடன் இருப்பவர்களின் சாப்பாட்டுக்கும் பஸ் காசுக்கும் போகிறது. வைத்தியத்துக்குக் காசு வாங்குவதில்லை, சரி. வெளியே வந்தால் இட்லிக்கும் டீக்கும் காசு வேண்டுமே!

இதற்கு முன்னோடி எங்கள் விழுப்புரம் மாவட்டத்திலேயே இருக்கிறது. 2004 டிசம்பர் 26 சுனாமிக்குப் பிறகு, ஆரோவில்லில் உபாசனா என்ற ஆடை வடிவமைப்புக் கூடத்தை நடத்தும் உமா பிரஜாபதி, பக்கத்துக் கடற்கரைக் கிராமங்களின் மீனவப் பெண்களுக்கு ஒரு கைவேலை கற்றுக்கொடுத்தார். கூடத்தில் மிஞ்சிய துணித் துண்டுகளில் விரல் நீளத்துக்கு ஒரு சின்னப் பெண் பொம்மை. பெயர் சுனாமிகா. கடலைப் பார்க்கவே பயந்துகொண்டிருந்த பெண்கள் ஓரிடத்தில் கூடி உட்கார்ந்து ஏதாவது செய்யட்டும் என்பதுதான் முதல் நோக்கம். பிறகு அதுவே வருமானமும் ஆனது. சுனாமிகாவுக்கு விலை கிடையாது. பரிசாகக் கொடுப்பார்கள், மனமிருப்பவர் நன்கொடை தருவார். அந்த நன்கொடையிலிருந்து செய்தவர்களுக்குக் கூலி போகும். இப்படிப் பல லட்சம் பொம்மைகள் வெளிநாடுகளுக்கெல்லாம் போய்ச் சேர்ந்திருக்கின்றன. மடித்தால் உள்ளங்கைக்குள் அடங்குகிற ‘ஸ்மால் ஸ்டெப்ஸ்’ துணிப்பையும் அதே உபாசனாவிலிருந்து வந்ததுதான்.

சுனாமிகாவில் நான் பிடித்துக்கொண்டது ஒரு விஷயம்: துணி சும்மா வந்தது என்பதால் தைக்கிற பெண்ணின் நேரமும் சும்மா வந்ததாகிவிடாது.

எங்கள் இடத்தில் இது ஒரு நாள் பேச்சாகவே வந்தது. துணி கொடுக்க வந்த பெரியம்மா ஒருவர் கேட்டார்: “தர்மத்துக்குத் தைக்கிறதுக்குப் போய்க் கூலியா? புண்ணியத்துக்கு விலை பேசுற மாதிரி இருக்கே!”

மெஷினில் இருந்தவள் தலை நிமிராமல் பதில் சொன்னாள்: “புண்ணியத்தைக் காட்டுனா மளிகைக் கடையில எண்ணெய் ஊத்துவாங்களா பெரியம்மா?”

கணக்கைப் பாருங்கள். உள்துணி வைத்த ஒரு காய்கறிப் பையை 100 ரூபாய்க்கு விற்கிறோம். நூல், நாடா வகையில் 15 ரூபாய். தைத்தவருக்குக் கூலி 40. ஊசி, மெஷின் பழுது, ஏற்றுக்கூலி என்று 10. மீதி 35 ரூபாய் மருத்துவமனைக் கணக்குக்கு. கூலியைக் கொடுக்காமல் விட்டால் ‘பைக்கு 75 ரூபாய் தர்மம்’ என்று அட்டையில் பெரிதாக எழுதி வைக்கலாம். ஆனால் அதில் 40 ரூபாய் வாங்கியவர் கொடுத்தது ஆகாது, தைத்தவளிடமிருந்து நாங்கள் பிடுங்கியதாகும். அவளே மனமுவந்து ‘இந்த வாரக் கூலி வேண்டாம்’ என்றால் அது வேறு. அவள் பெயரிலேயே நன்கொடையாக நோட்டில் எழுதுவோம்.

இனி பைக்கு வருவோம். கழிவுத் துணியில் பை தைப்பதில் பாதி வேலை தரம் பிரிப்பதுதான். பருத்தி ஒரு குவியல், கலப்புத் துணி ஒரு குவியல், சாட்டின், ஜார்ஜெட் மாதிரி வழுக்கும் துணி ஒரு குவியல். பார்த்துத் தெரியாவிட்டால் ஒரு நூலை உருவித் தீக்குச்சியில் காட்டுங்கள். பருத்தி, காகிதம் எரிகிற வாசனையோடு சாம்பலாக உதிரும். பாலியஸ்டர் சுருண்டு, ஆறியபின் கடுகு போல் ஒரு மணியாகக் கையில் நெருடும்.

பழைய புடவை வந்தால் வெளிச்சத்துக்கு நேரே பிடித்துப் பார்ப்போம். உட்கார்ந்து எழுந்து தேய்ந்த பகுதி சல்லடையாகத் தெரியும். அது ஆகாது. முந்தானையும் கரை ஓரமும் பெரும்பாலும் கெட்டியாக இருக்கும். பழைய வேட்டி உள்துணிக்கு அருமை. ஜீன்ஸ் கால் பையின் அடிக்கு. இடுப்புப் பட்டை அப்படியே கைப்பிடிக்கு. எந்தத் துணியானாலும் துவைத்து, காயவைத்து, இஸ்திரி போட்ட பிறகுதான் கத்தரி. புதுப் பருத்தி முதல் தண்ணீரில் சுருங்கும், பழசு சுருங்காது. இரண்டையும் துவைக்காமல் சேர்த்துத் தைத்தால் வாங்கியவர் வீட்டில் முதல் துவையலிலேயே பை வாயைக் கோணிக்கொள்ளும்.

கைப்பிடியை எப்போதும் துணியின் நீளவாட்டில், பாவு ஓடுகிற திசையில் வெட்ட வேண்டும். குறுக்கில் வெட்டினால் பாரம் ஏற ஏற இழுபட்டு நீளும். நான்காக மடித்து, இரண்டு ஓரமும் தையல் போட்டு, பையின் வாயிலிருந்து இரண்டு அங்குலம் உள்ளே இறக்கி வைக்க வேண்டும். அங்கே ஒரு சதுரத் தையல், சதுரத்துக்குள் மூலைக்கு மூலை பெருக்கல் குறி. கடையில் வாங்கும் மலிவான பை எங்கே விடுகிறது என்று பாருங்கள். கைப்பிடியை வாய் மடிப்போடு ஒரே தையலில் பிடித்திருப்பார்கள்; இரண்டு கிலோ வெங்காயத்துக்கே கை வேறு பை வேறாகிவிடும்.

பக்கத் தையலை இரண்டு முறை போடுவோம். முதலில் நல்ல பக்கம் வெளியே இருக்கும்படி வைத்து ஒன்று. ஓரத்தை ஒட்ட நறுக்கி, திருப்பிப் போட்டு இன்னொன்று. நூல் பிரியும் ஓரமெல்லாம் உள்ளே அடங்கிவிடும், ஓவர்லாக் மெஷின் வேண்டாம். அடியில் இரண்டு மூலையையும் முக்கோணமாகப் பிடித்துக் குறுக்கே தைத்துவிட்டால் பை தரையில் உட்காரும், தக்காளி நசுங்காது. பருத்திக்கு 16-ஆம் நம்பர் ஊசி; ஜீன்ஸ் மடிப்பு வந்தால் 18. ஒவ்வொரு கட்டிலும் ஒரு பையை எடுத்து, ஐந்து கிலோ அரிசி போட்டு, ராத்திரி முழுக்க ஆணியில் மாட்டி வைப்போம். காலையில் தையல் பல் இளித்தால் அந்தக் கட்டு முழுவதும் மறுபடி மெஷினுக்குப் போகும்.

இவ்வளவு பாடு எதற்கு, புதுக் காடாத் துணி வாங்கித் தைத்துவிடலாமே என்று கேட்பவர்கள் உண்டு. பிரிட்டனின் சுற்றுச்சூழல் முகமை 2011-இல் வெளியிட்ட ஆய்வின்படி, புதுப் பருத்திப் பையை 131 முறை பயன்படுத்தினால்தான் புவி வெப்பமாதல் கணக்கில் அது ஒரே ஒரு முறை பயன்படுத்தி எறியும் மெல்லிய பிளாஸ்டிக் பைக்குச் சமமாகும். டென்மார்க் அரசின் 2018 ஆய்வு எல்லா வகைச் சூழல் பாதிப்பையும் பார்த்துவிட்டு 7,100 முறை என்றது. தினம் ஒரு முறை கடைக்குப் போனாலும் 19 வருஷம்! பருத்தி விளைய ஆகும் தண்ணீர், உரம், பூச்சிமருந்து, பிறகு நூற்பு, நெசவு, சாயம் என்று எல்லாம் சேர்ந்த கணக்கு இது. பிளாஸ்டிக் பை சாக்கடையை அடைப்பதும் மாட்டின் வயிற்றில் சேர்வதும் இந்தக் கணக்கில் வரவில்லை. அதனால் பிளாஸ்டிக் நல்லது என்று யாரும் எடுத்துக்கொள்ள வேண்டாம். ஆனால் துணிப்பை என்றாலே பூமிக்கு நல்லது என்று கண்ணை மூடிக்கொண்டும் சொல்ல முடியாது. ஏற்கெனவே விளைந்து, நெய்து, சாயமேறி, குப்பைக்குப் போகவிருந்த துணிக்கு அந்தச் செலவெல்லாம் ஆகி முடிந்துவிட்டது. அதை எடுத்துத் தைக்கும்போதுதான் கணக்கு நேராகிறது.

நம் மாநிலத்தில் ஒருமுறை பயன்படுத்தி எறியும் பிளாஸ்டிக்குக்கு 2019 ஜனவரி 1 முதல் தடை. 2021 டிசம்பர் 23-இல் ‘மீண்டும் மஞ்சப்பை’ இயக்கத்தை முதலமைச்சர் மு.க. ஸ்டாலின் தொடங்கிவைத்தார், பத்து ரூபாய் போட்டால் மஞ்சப்பை தரும் இயந்திரங்களும் வந்தன. மதுரையில் கிருஷ்ணன், கௌரி தம்பதியர் மஞ்சப்பையையே ஆங்கிலத்தில் ‘யெல்லோ பேக்’ என்று பெயராக வைத்து, பெண்களைக் கொண்டு துணிப்பை தைத்து வருகிறார்கள். ஒரு காலத்தில் மஞ்சப்பையோடு பஸ் ஏறினால் பட்டிக்காட்டான் என்று சிரித்த ஊர்தானே இது! இப்போது அதையே காசு கொடுத்து வாங்கத் தயாராக இருக்கிறார்கள்.

ஆனால் எல்லாரும் எல்லாப் பையையும் வாங்க மாட்டார்கள். யாருக்கு என்ன தேவை என்று பார்க்க வேண்டும். கையகலத் துண்டு எதற்கும் உதவாது என்றுதான் முதலில் தோன்றும். அதில் சுருக்குப்பை தைக்கலாம். வெள்ளிக்கிழமை ஆட்டுச் சந்தைக்கு வருகிற பாட்டிமார்கள் இன்னும் அதைத்தான் இடுப்பில் செருகுகிறார்கள். காலேஜ் பெண்கள் அதையே பட்டு ஜாக்கெட் துண்டில் கேட்டு வாங்குகிறார்கள்.

கோட்டைக்கு வருகிறவர்களின் தேவை வேறு. 2025 ஜூலையில் யுனெஸ்கோ, மராட்டியர் கோட்டைகள் பன்னிரண்டை உலகப் பாரம்பரியப் பட்டியலில் சேர்த்தது. பதினொன்று மகாராஷ்டிரத்தில் இருக்கின்றன. பன்னிரண்டாவது எங்கள் செஞ்சி. கோட்டையின் ராஜகிரி மலை ஏறுகிறவருக்குக் கையில் பை ஆகாது, படியில் இரண்டு கையும் வேண்டும். பாலித்தீன் உறையைக் கண்டால் கோட்டைக் குரங்குகள் தின்பண்டம் என்று பாய்ந்து பிடுங்கும். அதனால் தண்ணீர் பாட்டில் நிற்கிற அளவில், தோளில் குறுக்கே மாட்டிக்கொள்ளும்படி, வாய்க்கு ஜிப் வைத்த பை தைத்தோம். ஜீன்ஸ் துணி, உள்ளே வேட்டித் துணி. வாங்கியவர்கள் தர்மம் என்று வாங்கவில்லை, குரங்குக்குப் பயந்து வாங்கினார்கள். காசு என்னவோ முண்டியம்பாக்கத்துக்குத்தான் போனது.

மொத்தமாக ஆர்டர் வருவது கல்யாண வீட்டிலிருந்து. தாம்பூலப் பை இல்லாமல் நம் ஊரில் பந்தி முடிவதில்லை. தேங்காய், வெற்றிலை பாக்கு, ஒரு பழம் கொள்கிற அளவு போதும். சின்னத் துண்டுகளுக்கு ஏற்ற அளவு அது. நூறு பையும் ஒரே நிறத்தில் வேண்டும் என்றால் எங்களால் ஆகாது என்று முதலிலேயே சொல்லிவிடுவோம். ஒவ்வொரு பையும் ஒவ்வொரு நிறமாக இருக்கும், நாடா மட்டும் எல்லாவற்றுக்கும் ஒன்று. அதற்குச் சம்மதிப்பவர்கள் பிறகு அதையே பெருமையாகச் சொல்லிக்கொள்கிறார்கள்.

காசு கைக்கு வந்தபின் நோட்டு முக்கியம். எந்தப் பை, யார் தைத்தது, என்ன விலை, எவ்வளவு கூலி, எவ்வளவு மருத்துவமனைக்கு என்று தேதி போட்டு எழுதி, கடைச் சுவரில் மாட்டியிருக்கிறோம். யார் வேண்டுமானாலும் புரட்டலாம். வருமான வரிச் சலுகைக்கு ரசீது கேட்பவர்களுக்கு எங்களால் தர முடியாது. அதற்கெனப் பதிவு பெற்ற அறக்கட்டளைகள்தான் அதைத் தர முடியும். அப்படிக் கேட்பவர்களைப் பதிவு பெற்ற அமைப்புக்கே நேராகக் கொடுக்கச் சொல்லி அனுப்பிவிடுவோம். நிறைய துணி வைத்திருப்பவர்களுக்கு 1999-இல் டெல்லியில் அன்ஷு குப்தா தொடங்கிய ‘கூஞ்ச்’ மாதிரி பெரிய அமைப்புகள் இருக்கின்றன. பழைய துணியைப் பிச்சையாகப் போடாமல், ஊர்க் குளம் தூர்வாரியது போன்ற உழைப்புக்குப் பதிலாகக் கொடுப்பது அவர்கள் வழக்கம்.

உங்கள் ஊரில் தொடங்க நினைத்தால் முதலில் பக்கத்துத் தையல் கடையில் போய், வெட்டுத் துணியைக் குப்பையில் போடாமல் ஒரு சாக்கில் போட்டு வைக்கச் சொல்லுங்கள். முதல் பையை விற்காமல் நீங்களே ஒரு மாதம் கடைகண்ணிக்குத் தூக்கிப் போங்கள். விலை பேசுவதற்கு முன்னால் தைக்கிறவரின் கூலியைப் பேசி முடித்துவிடுங்கள். எங்களுக்கே துணி தர நினைக்கிற செஞ்சிக்காரர்கள் துவைத்துக் காயவைத்துத் தாருங்கள். ஜிப்பையும் பட்டனையும் பிய்த்துக்கொள்ளாமல் தாருங்கள், அவையும் வேண்டும். எண்ணெய்ச் சிக்குப் பிடித்த துணியை மட்டும் மெக்கானிக் கடைக்கே கொடுத்துவிடுங்கள்.