மூலையில் கிடக்கும் தொலைபேசி மீண்டும் பேசும்!

உங்கள் வீட்டு அலமாரிக்கு மேல், பழைய பெட்டிக்கும் தீபாவளி விளக்குக்கும் நடுவே, ஒரு தொலைபேசி தூசி படிந்து கிடக்கிறதா? பழைய சாமான் எடுக்க வரும் லோரிக்காரரிடம் போட்டுவிடாதீர்கள். கொஞ்சம் பொறுங்கள். இதைப் படித்துவிட்டுப் பிறகு முடிவு செய்யலாம்.

ஒரு காலத்தில் தோட்டத்துக்கே ஒரு தொலைபேசிதான். அதுவும் ஆபீசில், பெரிய கிராணியாரின் மேசைமேல் இருக்கும். அவசரச் செய்தி வந்தால் ஆள் ஓடி வந்து சொல்வார். நமக்கு நெஞ்சு படபடக்கும். பிறகு வீட்டுக்கே கம்பி வந்தது. அதன் பிறகு கைத்தொலைபேசி வந்தது. ஆளுக்கொன்று வாங்கிக்கொண்டோம், கூடத்துத் தொலைபேசியை மறந்தோம். சரி, வீட்டில் வயதானவர்கள் இருக்கிறார்களே, அவர்கள் பாடு என்ன?

என் பெரியம்மா குளுவாங் பக்கத்துத் தோட்டமொன்றில் 40 ஆண்டுகள் மரம் வெட்டியவர். மகன் சிங்கப்பூரில் வேலை செய்கிறான். அருமையான கைத்தொலைபேசி ஒன்றை வாங்கிக் கொடுத்தான். ஆனால் உளி பிடித்துக் காய்த்துப்போன விரல், கண்ணாடித் திரையைத் தொட்டால் ஒரு சமயம் கேட்கிறது, ஒரு சமயம் கேட்பதில்லை. எடுக்க ஒரு பக்கம் தள்ள வேண்டும், வைக்க ஒரு பக்கம் தள்ள வேண்டும். ஒரு தீபாவளியன்று மகன் ஆறு முறை அழைத்திருக்கிறான். ஆறு முறையும் அது பாடிப் பாடி ஓயும்வரை பார்த்துக்கொண்டே உட்கார்ந்திருந்தார். மறுநாள் அதைச் சொல்லும்போது அவர் சிரித்தார். எனக்குத்தான் சிரிப்பு வரவில்லை.

அதற்குப் பிறகுதான் அவருடைய பழைய பொத்தான் போனையே தூசி தட்டி எடுத்து இணையத்தோடு சேர்த்தோம். மணி அடித்தால் எடுப்பது, பேசி முடித்தால் வைப்பது. அவருக்குத் தெரியாததா!

இதில் மாயமும் இல்லை, மந்திரமும் இல்லை. முதலில் உங்கள் வீட்டு ரௌட்டரின் பின்பக்கத்தைத் திருப்பிப் பாருங்கள். 2010-இல் வந்த யூனிஃபை போன்ற ஃபைபர் இணைப்புகளில், தொலைபேசிக்கென்றே ரௌட்டரில் ஒரு துளை இருப்பதுண்டு. உங்கள் திட்டத்தில் தொலைபேசி எண்ணும் சேர்ந்திருந்தால் அந்தத் துளையில் பழைய போனைச் செருகினாலே போதும், வேறொன்றும் வாங்க வேண்டாம். பலர் இது தெரியாமலே மாதாமாதம் பணம் கட்டிக்கொண்டிருக்கிறார்கள்.

அப்படி இல்லாதவர்கள் கடையில் 'ஏ.டி.ஏ.' என்று கேளுங்கள். சோப்புப் பெட்டி அளவில் ஒரு சின்னப் பெட்டி. அதில் மூன்று துளைகள்: ஒன்று மின்சாரத்துக்கு, ஒன்று ரௌட்டரிலிருந்து வரும் கம்பிக்கு, ஒன்று உங்கள் போனுக்கு. நீங்கள் பேசும் குரலை இந்தப் பெட்டி விநாடிக்கு 8,000 முறை அளந்து எண்களாக்குகிறது. அந்த எண்களைச் சாதாரணமாக விநாடிக்கு 50 பொட்டலங்களாகக் கட்டி இணையத்தில் அனுப்புகிறது. மறுமுனையில் பொட்டலம் பிரிந்து மறுபடி குரலாகிறது. அவ்வளவுதான்.

தோட்டத்தில் ஃபைபர் ஏது என்று கேட்பீர்கள். சிம் அட்டை போடும் 4ஜி ரௌட்டரும் போதும். ஆனால் கம்பி செருகும் துளை உள்ள ரௌட்டராகப் பார்த்து வாங்குங்கள். இந்தப் பெட்டிகளில் பெரும்பாலானவை வைஃபையில் சேராது. ஒரு மணி நேரம் பேசினால் போக, வர இரண்டும் சேர்ந்து ஏறக்குறைய 80 மெகாபைட் செலவாகும். பெட்டியில் 'ஜி.729' என்ற முறையைத் தேர்ந்தெடுத்தால் 30-க்கு இறங்கிவிடும். குரல் சற்று மங்கலாக இருக்கும்.

பெட்டி மட்டும் இருந்தால் பேச முடியாது. இணைய அழைப்புச் சேவை தரும் நிறுவனம் ஒன்றில் கணக்குத் திறக்க வேண்டும். ஊர் எண்ணும் வேண்டுமென்றால் கேட்டு வாங்கலாம். மலேசியாவில் 0154 என்றும், சிங்கப்பூரில் 3 என்றும் தொடங்கும் எண்கள் இத்தகையவை. பெரியம்மாவின் கணக்கையும் மகனுடைய கைத்தொலைபேசிச் செயலியையும் ஒரே நிறுவனத்தில் வைத்தோம். அதனால் அவர்களுக்குள் நிமிடக் கட்டணமே கிடையாது. ஒன்றை மறந்துவிடாதீர்கள்: வாட்ஸ்அப் அழைப்பு இந்தப் பெட்டி வழியாக வராது. ஸ்கைப்பும் 2025 மே மாதத்தோடு மூடப்பட்டுவிட்டது. அந்தப் பெயரைச் சொல்லிப் பழைய பெட்டியை யாராவது மலிவாக விற்றால் வாங்காதீர்கள்.

நிறுவனம் மூன்று விவரங்கள் தரும்: சர்வர் முகவரி, பயனர் பெயர், கடவுச்சொல். இவற்றைப் பெட்டிக்குள் எழுத வேண்டும். பெட்டிக்கு ரௌட்டர் கொடுத்த முகவரி தெரிய வேண்டுமே? கிராண்ட்ஸ்ட்ரீம் பெட்டியாக இருந்தால் போனை எடுத்து நட்சத்திரப் பொத்தானை மூன்று முறை அழுத்தி, பிறகு 02 அழுத்துங்கள். ஆங்கிலத்தில் ஒரு குரல் எண்களைப் படிக்கும். அவற்றைக் கணினியிலோ கைத்தொலைபேசியிலோ இணைய உலாவியில் அடித்தால் பெட்டியின் பக்கம் திறக்கும். படித்த பிள்ளைகள் வீட்டிலிருந்தால் அரை மணி நேர வேலை. அப்போதே பெட்டியோடு வந்த கடவுச்சொல்லையும் மாற்றச் சொல்லுங்கள். மாற்றாமல் விட்டால், யாரோ முகம் தெரியாதவன் உள்ளே நுழைந்து உங்கள் கணக்கில் வெளிநாட்டுக்குப் பேசிவிட்டுப் போவான், பில் உங்களுக்கு வரும். முன்பணம் கட்டும் கணக்கு என்றால் இழப்பு அதோடு நிற்கும்.

எங்கள் வீட்டில் முதல் நாள் என்ன ஆயிற்று தெரியுமா? மகன் பேசுவது பெரியம்மாவுக்குக் கேட்டது; அவர் பேசுவது அவனுக்குக் கேட்கவில்லை. பெட்டி கெட்டுவிட்டது என்று திருப்பிக் கொடுக்கக் கிளம்பிவிட்டோம். கடைசியில் பார்த்தால் ரௌட்டரில் 'சிப் ஏ.எல்.ஜி.' என்ற வசதி குறுக்கே நின்றிருக்கிறது. அதை அணைத்ததும் சரியாயிற்று. இன்னொரு கோளாறும் உண்டு: நாம் அழைத்தால் போகும், நமக்கு வருவது மட்டும் சிறிது நேரத்தில் நின்றுவிடும். அதற்குப் பெட்டியில் 'கீப் அலைவ்' என்பதை இயக்க வேண்டும்.

பொத்தான் போன் என்றால் சுலபம். வட்டம் சுழற்றும் போன் வைத்திருப்பவர்கள் வாங்கும் முன்பே விசாரியுங்கள். அந்தப் போன் 1 என்றால் ஒரு துடிப்பு, 0 என்றால் பத்துத் துடிப்பு என்று அனுப்பும். எல்லாப் பெட்டிக்கும் அது புரியாது. பெரிய மணியுள்ள போனில் மணி மெல்லியதாக ஒலிக்கவும் கூடும். சுவரிலுள்ள பழைய தொலைபேசிச் சாக்கெட்டில் மட்டும் பெட்டியைச் செருகவே கூடாது. அதில் பழைய லைனின் மின்சாரம் இன்னும் இருந்தால் பெட்டி கருகிப்போகும்.

இனி எல்லாவற்றிலும் முக்கியமான விஷயம். பழைய லைனில், வீட்டில் மின்சாரம் போனாலும் பேசலாம். எக்ஸ்சேஞ்சிலிருந்த பேட்டரி 48 வோல்ட் மின்சாரத்தைக் கம்பி வழியாகவே அனுப்பியது. இந்தப் பெட்டிக்கு அந்த வசதி இல்லை. மழைக்காலத்தில் இடி இடித்து மின்சாரம் போயிற்றென்றால் ரௌட்டரும் பெட்டியும் சேர்ந்தே செத்துப்போகும். ஆபத்து வருவதும் அந்த மாதிரி இரவில்தானே! சிறிய யூ.பி.எஸ். ஒன்றை இரண்டுக்கும் சேர்த்து வைக்கலாம். சில பெட்டிக்கு 5 வோல்ட், சிலவற்றுக்கு 12 வோல்ட், பார்த்து வாங்குங்கள். 999 இதில் போகுமா, போனால் எந்த ஊர் என்று அவர்களுக்குத் தெரியுமா என்பதைச் சேவை நிறுவனத்திடம் முதலிலேயே கேட்டுவிடுங்கள். போகும் என்று சொன்னாலும் அதை மட்டும் நம்பி இராதீர்கள். பொத்தான் வைத்த சாதாரணக் கைத்தொலைபேசி ஒன்று மின்னேற்றிய நிலையில் தலைமாட்டில் இருக்கட்டும். பெரியம்மா வீட்டில் சாமிப் படத்துக்குக் கீழே வைத்திருக்கிறோம். விளக்கேற்றும் நேரத்தில் அதையும் மின்னேற்றுகிறார்.

கண் தெரியாதவர்கள், எண் நினைவில்லாதவர்கள் வீட்டில் இருந்தால் இன்னொரு வசதியைக் கேளுங்கள். போனைக் கையில் எடுத்ததும் குறிப்பிட்ட ஓர் எண்ணுக்குத் தானாகவே அழைப்பு போகும்படி சில பெட்டிகளில் செய்யலாம். துடிப்பு புரியாத பெட்டியில் சுழற்றும் போனைச் சேர்த்தவர்களுக்கும் இது கைகொடுக்கும். ஆனால் எடுத்த உடனே போகும்படி வைத்தால் வேறு எண்ணே அழுத்த முடியாது. அதனால் சில விநாடி தாமதம் கொடுங்கள். எண் அழுத்தினால் அந்த எண்ணுக்கு, சும்மா இருந்தால் பிள்ளைக்கு.

பெரியம்மாவுக்கு முதலில் 5 விநாடி வைத்தோம். தங்கைக்குப் பேசலாமென்று போனை எடுத்து, மூக்குக் கண்ணாடியைத் தேடி மாட்டிக்கொள்வதற்குள் சிங்கப்பூரிலிருந்து மகன் "என்னம்மா?" என்று வந்து நின்றான். இப்போது 12 விநாடி.