ராஜா சிம்பொனியும் ஒரு கைதட்டல் பஞ்சாயத்தும்

2025 மார்ச் 8, லண்டன் ஈவென்டிம் அப்பல்லோ அரங்கத்துல இளையராஜாவோட 'வேலியன்ட்' சிம்பொனி அரங்கேற்றம். வால்டோர்ஃப்ல இருக்கற அக்கா குடும்பம், ஊர்லேர்ந்து வந்திருந்த அப்பா அம்மா, ஓசி டிக்கெட்ல நான் என ஆறு பேர் கிளம்பிப் போனோம். விமர்சனம் எழுதணும்னுதான் நினைச்சேன். ஆனா எங்க வீட்டுல அதைவிடப் பெரிய கச்சேரி நடந்துட்டதால, இது அதைப் பத்தின பதிவு :-)

81 வயசுல ராஜா எழுதின நாலு பகுதி சிம்பொனி. வாசிச்சது ராயல் பில்ஹார்மோனிக் கான்செர்ட் ஆர்க்கெஸ்ட்ரா, நடத்தினது மிக்கெல் டாம்ஸ். முதல் பகுதி முடிஞ்சதும் கைதட்டல் கிளம்புச்சு. அப்பாவும் தட்டினார். மதுரையில பாட்டு லிஸ்ட் எழுதிக் கொடுத்து கேசட் பதிவு பண்ணி வாங்கின தலைமுறை, தட்டாம இருப்பாரா? அத்தான் டக்குனு கையைப் பிடிச்சு, "மாமா, நாலும் முடிஞ்சப்புறம்தான் தட்டணும்"னார்.

அதுக்கப்புறம் அப்பா கையை சால்வைக்குள்ள வச்சவர்தான், எடுக்கவே இல்ல. பிற்பாதியில சினிமாப் பாட்டு வந்தப்போகூட! அதுவரைக்கும் "பாட்டு எப்போடா வரும்?"னு கேட்டுட்டிருந்த அம்மாவுக்கு அப்பதான் உயிர் வந்துச்சு. வயலின் கத்துக்கற அக்கா பொண்ணு, அத்தனை வில்லும் ஒண்ணா ஏறி இறங்கறதையே பாத்துட்டிருந்தா. திரும்பி வரும்போது அப்பா சொன்னது ஒரே வாக்கியம்: "எனக்கு ரசிக்கத் தெரியலைன்னு ஆயிப்போச்சு."

சென்னை திரும்பின ராஜாவே இதைப் பத்திப் பேசினார். நாலு பகுதியும் முடியற வரை கைதட்டக் கூடாதுங்கறது விதிமுறை, நம்ம ஜனங்க முதல் பகுதியிலயே தட்டிட்டாங்கன்னு. "விதின்னு அவரே சொல்றார் பாருங்க"ன்னு அத்தான். "குறையா சொல்லலையே மாப்ள"ன்னு அப்பா.

இந்த விதி எப்ப வந்துச்சுன்னு தேடினேன். வால்டோர்ஃப் பக்கத்துலயே இருக்கு மன்ஹைம். 18-ம் நூற்றாண்டுல அந்த ஊர் ஆர்க்கெஸ்ட்ரா ஐரோப்பாவுக்கே பிரசித்தம். 1777-78-ல மொசார்ட் அங்க சில மாசம் தங்கிட்டு பாரிஸ் போறார். அங்க அவரோட சிம்பொனி அரங்கேறுது. முதல் பகுதி நடுவுலயே, வாசிச்சுட்டிருக்கும்போதே ஜனங்க தட்டறாங்க. மொசார்ட் கோவிச்சுக்கலை. இந்த இடத்துக்குத் தட்டுவாங்கன்னு தெரிஞ்சே எழுதினதா அப்பாவுக்கு சந்தோஷமா லெட்டர் போடறார். கச்சேரி முடிஞ்சு ஐஸ்க்ரீம் வேற! 1813-ல பீத்தோவனோட ஏழாவது சிம்பொனி அரங்கேறினப்போ ரெண்டாம் பகுதியை ஜனங்க ஒன்ஸ்மோர் கேட்டாங்க. இப்ப இருக்கற மௌனமெல்லாம் 19-ம் நூற்றாண்டுலேர்ந்து மெதுவா வந்து, 20-ம் நூற்றாண்டுல கெட்டிப்பட்டதுதான்.

அதுக்காக அத்தானைத் தப்புன்னு சொல்லல. நாலு பகுதியும் ஒரே மூச்சா மனசுல நிக்க அந்த அமைதி உதவும். ஆனா அது அரங்கத்து மரியாதை, ரசனைக்கு வைக்கற பரீட்சை இல்ல. நம்ம கச்சேரியில நல்ல சங்கதி விழுந்தா அந்த நிமிஷமே "பலே!"ன்னுதானே சொல்றோம்? அப்பாவோட காது 40 வருஷமா பழகினது அது.

மொசார்ட் கதையை அப்பாகிட்ட சொன்னேன். "அந்தப் பையனுக்கும் பிடிச்சிருந்துச்சா?"ன்னு ஒரு சிரிப்பு. அத்தான் மட்டும் இன்னும் மேல்முறையீட்டுல இருக்கார். நீங்க எந்தக் கட்சி மக்களே?