உப்பு விற்றவர்கள் மேல் விழுந்த முத்திரை

ஊரில் ஒரு வீட்டில் நகை காணாமல் போனால், விசாரணை சூடு பிடிக்கும் முன்பே போலீஸ் ஜீப் குறவர் தெருவில் போய் நிற்கிறது. நமக்கும் அது வழக்கமாகிப் போனதால் யாரும் கேள்வி கேட்பதில்லை. இந்த வழக்கத்தை எழுதி வைத்தது வெள்ளைக்கார அரசு. சட்டம் போட்டே எழுதி வைத்தது.

குறவர்கள் அதற்கு முன் யாராக இருந்தார்கள்? நாம் இங்கே பேசுவது நரிக்குறவரைப் பற்றி அல்ல. அவர்கள் வேறு மொழி பேசும் வேறு மக்கள். முறம், கூடை முடைகிற, பன்றி வளர்க்கிற, குறி சொல்கிற குறவர்களில் ஒரு பிரிவுக்கு உப்புக் குறவர் என்றே பெயர். கடற்கரையில் உப்பு வாங்கி, மாட்டின் மீதும் கழுதையின் மீதும் ஏற்றி, உள்நாட்டுக் கிராமங்களில் தானியத்துக்கு மாற்றுவார்கள். வண்டித் தடம் இல்லாத ஊருக்கும் அவர்களால்தான் உப்பு போனது.

1805-ல் சென்னை மாகாணத்தில் உப்பு கம்பெனி அரசின் ஏகபோகமானது. 1856-ல் ராயபுரத்திலிருந்து வாலாஜா ரோடு வரை ரயில் ஓடியது. பாதைகள் நீள நீள, மூட்டை மூட்டையாக உப்பு ரயிலில் போக, கழுதைக்கு வேலை இல்லாமல் போனது. 1876 முதல் 78 வரை தாது வருடப் பஞ்சம். அதன் பிறகு 1882-ல் வனச் சட்டம். மேய்ச்சலுக்கும், கூடைக்கு மூங்கில் வெட்டவும் காட்டுக்குள் போனால் குற்றம். எண்பது ஆண்டுகளுக்குள் ஒரு சமூகத்தின் பிழைப்பு முழுவதையும் அரசு பிடுங்கிக்கொண்டது.

பிறகு அதே அரசு கேட்டது: வேலை வெட்டி இல்லாமல் ஊர் ஊராகச் சுற்றும் இவர்கள் யார்?

வடக்கே 1871-ல் வந்த குற்றப் பரம்பரைச் சட்டம் 1911-ல் சென்னை மாகாணத்துக்கும் வந்தது. குறவர் பிரிவுகள் ஒவ்வொன்றாகப் பட்டியலில் சேர்ந்தன. தென்னார்க்காட்டு வேப்பூர்ப் பறையரும் தப்பவில்லை. பதிவான ஒவ்வொருவரும் கைரேகை வைக்க வேண்டும், சொன்ன நேரத்தில் ஆஜராக வேண்டும், அடுத்த ஊருக்குப் போக அனுமதிச் சீட்டு வாங்க வேண்டும். ஊர் சுற்றுவதே தொழிலாக இருந்தவர்களுக்கு வீட்டைத் தாண்டுவதே குற்றமானது.

பண்பாட்டில் நடந்த சேதத்தைப் பற்றி நாம் குறைவாகவே பேசுகிறோம். குறி சொல்லும் குறத்தியின் பெயரிலேயே குறவஞ்சி என்று ஒரு இலக்கிய வகையே தமிழில் உண்டு. முருகன் தேடிப் போய் மணந்த வள்ளி குறவர் வீட்டுப் பெண். அதே குறத்தி வீட்டு வாசலில் கை பார்த்தால், திருட வீட்டை நோட்டம் பார்க்கிறாள் என்று போலீஸ் அதிகாரிகள் குறிப்பெழுதினார்கள். தமிழும் தெலுங்கும் கன்னடமும் கலந்த அவர்களுடைய பேச்சு திருடர்களின் ரகசிய மொழியானது. அச்சில் வந்த அந்தப் புத்தகங்களைப் படித்துத்தான் அடுத்தடுத்த அதிகாரிகள் பயிற்சி பெற்றார்கள். கோயிலில் வள்ளி கல்யாணம் பார்க்க நிற்கிற கூட்டத்துக்கும் இந்தக் கதை மெல்ல மெல்ல இறங்கியது.

எருகுலர் என்று தெலுங்கில் அழைக்கப்படும் இதே மக்களுக்காக, இன்றைய ஆந்திராவில் ஸ்டூவர்ட்புரம் என்ற குடியேற்றம் உருவானது. இரட்சணிய சேனை அதை நடத்தியது. திருத்துவதுதான் நோக்கம் என்றார்கள். கூலிக்கு ஆள் தேவைப்பட்ட ஆலைகளுக்கும் அது வசதியாக இருந்தது.

சென்னை மாகாணத்தில் 1947-லும், நாடு முழுவதும் 1952-லும் சட்டம் ரத்தானது. ஆனால் 1948-லேயே வழக்கமான குற்றவாளிகள் சட்டம் என்ற இன்னொன்று இங்கே வந்துவிட்டது. 1993-ல் கடலூர் மாவட்டத்தில் திருட்டுச் சந்தேகத்தில் பிடிக்கப்பட்டு, காவல் நிலையத்தில் அடித்துக் கொல்லப்பட்டவர் ஒரு குறவர். அவருடைய கதைதான் 'ஜெய் பீம்' படமானது. படத்தில் அவர் இருளர்.

பெயர் விடுபடுவது குறவர்களுக்குப் புதிதும் இல்லை. ஆந்திராவில் எருகுலர் பழங்குடி. தமிழ்நாட்டில் குறவன் பட்டியல் சாதி, வேறு சில குறவர் பிரிவுகள் சீர்மரபினர். வெள்ளைக்காரன் பிரித்து எழுதிய பிரிவுப் பெயர்களை வைத்துக்கொண்டுதான் இன்றும் மாணவர்கள் சாதிச் சான்றிதழுக்காகத் தாலுகா ஆபீஸ் வாசலில் நிற்கிறார்கள். எந்தப் பிரிவு என்று கேட்கிறார்கள். தாத்தா கைரேகை வைத்த பதிவேட்டில் எழுதியிருந்த பெயரைப் பேரன் சொல்ல வேண்டியிருக்கிறது.